எள்ளல் நாவலின் ஈர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பும்: தாக்கரேயின் ‘வானிட்டி ஃபேர்’ – ஒரு நடையியல் நோக்கு

0. முன்னுரை

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களுள் இன்றளவும் விரும்பிப் படிக்கப்படுவனவற்றுள் ஒன்று வில்லியம் மேக்பீஸ் தாக்கரே எழுதிய ‘வானிட்டி ஃபேர்’. வறுமையில் வளர்ந்த பெக்கி ஷார்ப் என்னும் பெண் தன் அறிவையும் அழகையும் மூலதனமாகக் கொண்டு உயர்குடிச் சமூகத்தில் ஏறி, பின் வீழ்வதே அதன் கதை. கதையை மட்டும் நோக்கின் அதனையொத்த கதைகள் அக்காலத்தில் பல உண்டு. அவற்றுட் பல மறக்கப்பட்டுவிட, இந்நாவல் மட்டும் நிலைத்து நிற்பதற்குக் காரணம் யாது என்னும் வினா எழுகின்றது.

அக்காரணம் கதையில் இல்லை, கதையை எடுத்துரைக்கும் குரலில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அது ஏற்கத்தக்கதாயின், மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிக்கல் நேர்கின்றது. கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் பெயர்த்த பின்னரும் நாவலை இழந்துவிட இயலும். ஆங்கில இலக்கணம் மறைத்து வைக்க இடந்தரும் சிலவற்றைத் தமிழ் இலக்கணம் வெளிப்படுத்துமாறு வற்புறுத்துகின்றது. ஆங்கிலத்தில் இல்லாத சில வாயில்கள் தமிழில் திறந்துள்ளன. இவ்விரண்டையும் சில சான்றுகளின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாவலின் தோற்றம்

தாக்கரே 1811ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ரிச்மண்ட் தாக்கரே கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தவர். அவர் 1815இல் மறைந்தபின் சிறுவன் தாக்கரே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். நாவல் 1847 சனவரி முதல் 1848 சூலை வரை மாதப் பகுதிகளாக வெளிவந்தது. 67 இயல்களைக் கொண்டது. பகுதிகளாக வந்தபோது ஆங்கிலச் சமூகத்தைப் பேனாவாலும் பென்சிலாலும் தீட்டிய சித்திரங்கள் என்னும் பொருளுடைய துணைத்தலைப்பைத் தாங்கியிருந்தது. 1848இல் நூலாக வந்தபோது நாயகன் இல்லாத நாவல் எனத் துணைத்தலைப்பு மாறியது. படங்களை வரைந்தவரும் தாக்கரேயே. ஆகவே சொல், படம் ஆகிய இரண்டும் ஒருவரிடமிருந்தே பிறந்தவை என்பது பின்னர் ஆராயப்படும் செய்திக்கு இன்றியமையாதது.

நூலின் முன்னுரை 1848 சூன் 28 என நாளிடப்பட்டுள்ளது. கதையின் இறுதிக் கட்டத்தில் அமைந்தது. அதில் எடுத்துரைஞர் சந்தையொன்றில் பொம்மலாட்டம் நடத்தும் மேலாளராகத் தோன்றுகிறார். நாவலின் இறுதியில் பொம்மைகள் மீண்டும் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. கதைமாந்தரை நம்புமாறு வாசகரைத் தூண்டுவதும், அவர்கள் பொம்மைகளே என நினைவூட்டுவதுமாகிய இருவேறு செயல்கள் நாவல் முழுவதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

2. தலைப்பின் இருபொருள்

தலைப்பு, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலில் வரும் ஒரு சந்தையின் பெயர். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) தமிழில் எழுந்தது. எனவே பனியனின் உருவக உலகம் தமிழுக்குப் புதிதன்று.

தலைப்பின் முதற்சொல் ஆங்கிலத்தில் இருபொருள் ஒருசொல். வெறுமை, நிலையாமை என்பது ஒரு பொருள். தற்பெருமை, பகட்டு என்பது மற்றொன்று. தமிழ் விவிலியத்தின் பிரசங்கி ஆகமம் முதற்பொருளுக்கு ‘மாயை’ என்னும் சொல்லை ஆள்கின்றது. ஆனால் தமிழில் மாயை என்பது வெறுமையை மட்டும் குறிப்பதன்று. சைவ சித்தாந்தத்தில் மும்மலங்களுள் ஒன்றாகவும் வேதாந்தத்தில் தோற்றத்திற்குக் காரணமாகவும் பேசப்படும் கலைச்சொல் அது. ‘மாயச் சந்தை’ எனப் பெயர்த்தால் சந்தையே பொய்த்தோற்றம் என்னும் தத்துவக் கருத்து மேலோங்கும். தாக்கரே காட்டும் சந்தையோ பொய்த்தோற்றம் அன்று. அங்கு விற்பனையும் உண்டு, கடனும் உண்டு, கடனால் அழிந்தவரும் உண்டு. ‘செருக்குச் சந்தை’, ‘பகட்டுச் சந்தை’ எனின் இரண்டாம் பொருள் கிட்டும்; நிலையாமை அகன்றுவிடும்.

‘வீண்’ என்னும் சொல் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. வீண்முயற்சி என்பதில் பயனின்மையும், வீண்பெருமை, வீண்பகட்டு என்பனவற்றில் செருக்கும் ஒருங்கே நிற்கின்றன. இருபொருளையும் தொடும் தமிழ்ச்சொல் இதுவாதலின், தலைப்பை ஒலிபெயர்க்க விரும்பாத மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லிலிருந்து தொடங்குதல் பயன்தரும்.

3. பெயர்களின் பொருட்சுமை

நாவலின் எள்ளலில் பெரும்பகுதி பெயர்களில் தங்கியுள்ளது. ஷார்ப் என்பது கூர்மை. கிராலி என்பது ஊர்ந்து செல்லுதலை நினைவூட்டும். ஸ்டெயின் பிரபுவின் பெயரைக் கறை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பிலேயே படிக்க வேண்டும். டாபின் என்பது உழவுக் குதிரைக்கு வழங்கும் பெயர். பிரபுப் பட்டம் தாங்கிய பேரேக்கர்ஸ் குடும்பத்தின் பெயருக்கு வெற்று நிலம் என்பது பொருள்.

பெயரிடும் முறையும் எள்ளலுக்கு உள்ளாகின்றது. கிராலி குடும்பத்தில் வால்போல், பிட், பியூட் என்னும் பெயர்கள் வருகின்றன. இவை அந்தந்தக் காலத்தில் ஆட்சியில் ஓங்கியிருந்த அமைச்சர்களின் பெயர்கள். குடும்பம் யாரைப் பின்பற்றியது என்பதைக் குழந்தைகளின் பெயர்வரிசையே அறிவித்துவிடுகின்றது. தலைவர்களின் பெயரைக் குழந்தைகளுக்கு இடும் வழக்கம் தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. ஆயினும் வால்போல், பியூட் என்பன தமிழ் வாசகருக்கு வெறும் ஒலிகளே. இத்தகைய இடங்களில் பெயரை மாற்றுவது பொருந்தாது. ‘அக்காலத்து அமைச்சரின் பெயர்’ என்னும் ஒரு சிறு தொடரை எடுத்துரைஞரின் கூற்றிலேயே சேர்த்துவிடுவது அடிக்குறிப்பைக் காட்டிலும் இயல்பாக அமையும். அடிக்குறிப்பில் விளக்கப்படும் நகைச்சுவை அறிவாகிவிடும், நகையாக எஞ்சாது.

4. நாம், நாங்கள்

இந்நாவலின் எடுத்துரைஞர் ஓயாது தன்மைப் பன்மையில் பேசுகிறார். ஆங்கிலத் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. அது முன்னிலையாரை உட்படுத்துகிறதா இல்லையா என்பதை அது கூறாது. ஆசிரியர் தம்மை மட்டும் பெருமிதமாகக் குறிப்பதாகவும், எழுத்தாளர் கூட்டத்தைக் குறிப்பதாகவும், வாசகரையும் சேர்த்துக் குறிப்பதாகவும், மனித இனத்தையே குறிப்பதாகவும் அது கொள்ளப்படலாம்.

தமிழில் இவ்வசதி இல்லை. முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழின் அடிப்படை அமைப்பைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்தும் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

இத்தெரிவு இலக்கண அளவில் நின்றுவிடுவதன்று. ஒன்பதாம் இயலில் செல்வமிக்க கிழவியான கிராலி சீமாட்டியைப் பற்றிப் பேசும் எடுத்துரைஞர், வங்கியிலுள்ள இருப்பு ஒரு மூதாட்டிக்கு எத்துணை மதிப்பைத் தருகின்றது என வியக்கிறார். அத்தகைய உறவினரின் குறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அத்தகைய உறவினர் பலர் வாய்க்கட்டும் என வாழ்த்தவும் செய்கிறார். இங்குத் தன்மைப் பன்மையை ‘நாங்கள்’ எனப் பெயர்த்தால் அது இங்கிலாந்தின் உயர்குடியினரைப் பற்றிய செய்தியாகச் சுருங்கிவிடும். வாசகர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார். ‘நாம்’ எனப் பெயர்த்தால் வாசகரும் அக்கிழவியின் வீட்டு வாயிலில் பழக்கூடையோடு நிற்கும் உறவினராகிவிடுவார்.

எள்ளல் இலக்கியத்தின் உயிர்நிலை இதுவே. பிறரை நகும் நகை எளிது. அது விரைவில் பழையதாகிவிடும். நகுவோரையும் உட்படுத்தும் நகைக்குக் காலமில்லை. தாக்கரேயின் நாவல் இன்றும் உறைப்பதற்கு இந்த உளப்பாடு முதன்மைக் காரணம் எனலாம். ஆங்கிலத்தில் வாசகர் தம்மை அறியாமலே உள்ளிழுக்கப்படுகிறார். பின்னரே அதை உணர்கிறார். தமிழில் ‘நாம்’ என்னும் சொல் தொடக்கத்திலேயே அதை அறிவித்துவிடுகின்றது. எனவே தமிழில் அச்சொல்லை எல்லா இடத்தும் வெளிப்படக் கூறாமல், வினைமுற்று ஈற்றில் மட்டும் நிறுத்தி எழுவாயைத் தொக்கு நிற்கச் செய்தல் நன்று. ‘மறந்துவிடுகிறோம்’, ‘மன்னித்துவிடுகிறோம்’ என்பன உளப்பாட்டையும் அதன்மையையும் ஒருசேர ஏற்கும் வடிவங்கள். வினையீற்றில் இவ்வேறுபாடு மறைகின்றது என்பது தமிழ் தரும் எதிர்பாராத உதவி.

5. மரியாதை வடிவங்கள்

ஆங்கிலப் படர்க்கைப் பெயர்கள் பால் காட்டுவன. மரியாதை காட்டுவன அல்ல. தமிழில் அவன், அவர், அவள் என்னும் தெரிவு எடுத்துரைஞரின் மதிப்பீட்டை உடன் வெளிப்படுத்தும். டாபின் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன். பள்ளிக் கட்டணம் பணமாக அன்றிப் பொருளாகச் செலுத்தப்பட்டதால் மாணவர் அவனுக்கு அத்திப்பழம் எனப் பட்டப்பெயர் சூட்டினர். அவனே பின்னர் படையில் மேஜராகிறான். நாவலின் பெரும்பகுதியில் அவனது மேன்மையை உடனிருப்போர் உணர்வதில்லை. எந்த இயலில் ‘அவன்’ ‘அவர்’ ஆவது? பதவி உயரும்போதா, அவனுடைய பண்பை வாசகர் உணரும்போதா? முதலாவதைத் தெரிந்தால் மொழிபெயர்ப்பும் சந்தையின் விலைப்பட்டியலையே பின்பற்றியதாகும்.

பெக்கி 48ஆம் இயலில் அரசரின் அவைக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். அங்கு எடுத்துரைஞர் பணிவின் மிகுதியால் வருணிக்க இயலாதவர்போல் ஒதுங்கிக்கொள்கிறார். அவ்வோர் இயலில் மட்டும் பெக்கியை ‘அவர்’ எனக் குறித்தால், மூலத்தில் இல்லாத ஓர் இலக்கண வேறுபாட்டின் வழி மூலத்தில் உள்ள எள்ளலைக் கொணர இயலும்.

6. கேட்டதும் கண்டதும்

இந்நாவலின் எடுத்துரைஞர் தம் அறிவின் மூலத்தைப் பற்றி முரண்படப் பேசுகிறார். சில இடங்களில் நாவலாசிரியர் என்பதால் எல்லாம் அறிந்தவராகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். ஜெர்மானியச் சிற்றரசொன்றில் டாபினையும் அமீலியாவையும் நேரில் கண்டதாகப் பிறிதோரிடத்தில் சொல்கிறார். பெக்கியின் செய்திகளை அங்கிருந்த தூதரக அதிகாரி டேப்வோர்ம் பிரபு விருந்து மேசையில் கூறக் கேட்டதாகவும் சொல்கிறார். நாடாப்புழு என்னும் பெயர் கொண்ட ஒருவரின் வாய்ச்சொல்லே ஒரு பெண்ணின் வரலாற்றுக்குச் சான்று என்பது வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி.

செய்தியின் மூலத்தை வினையிலேயே குறிப்பதற்குத் தமிழில் ‘-ஆம்’ என்னும் ஒட்டு உண்டு. ‘அவர் பெரிய நேர்மையாளராம்’ என்னும் தொடர், பிறர் கூறக் கேட்டதைத் தெரிவிப்பதோடு, கூறுவோர் அதை முழுதும் ஏற்கவில்லை என்பதையும் குறிப்பால் உணர்த்த வல்லது. ஸ்பெர்பர், வில்சன் ஆகியோர் 1981இல் முரண்நகையை விளக்குகையில், அது பிறர் கூற்றை எதிரொலித்து அதனின்று விலகி நிற்பது என்றனர். அவ்வெதிரொலிக்குத் தமிழ் ஓர் உருபையே தந்துள்ளது.

ஆயினும் இவ்வொட்டை அளவறிந்து ஆள வேண்டும். தாக்கரேயின் முரண்நகை பெரும்பாலும் அடையாளமற்றது; ஒரு கூற்று சமூகத்தின் குரலா ஆசிரியரின் குரலா என்பது துணியப்படாமல் நிற்கும். 41ஆம் இயலில், ஆண்டுக்கு ஐயாயிரம் பவுன் இருந்தால் தானும் நல்ல பெண்ணாக இருக்க முடியும் எனப் பெக்கி எண்ணுகிறாள். அவள் எண்ணத்தை எடுத்துரைஞர் மறுக்கவில்லை. அது சரியாகவும் இருக்கலாமோ என ஐயுறுகிறார். இங்கு ‘-ஆம்’ சேர்த்தால் எடுத்துரைஞர் விலகிவிடுவார், வாசகரும் தப்பித்துக்கொள்வார். பிறர்கூற்று ஒட்டு வதந்திக்கு உரியது. மனச்சான்றைத் தொடும் இடத்திற்கு உரியதன்று.

7. தொடரமைப்பும் செய்தி ஒழுங்கும்

32ஆம் இயலின் இறுதித் தொடர் ஆங்கில நாவல் வரலாற்றில் பெயர்பெற்றது. வாட்டர்லூ போர் (1815 சூன் 18) நிகழ்ந்த நாளின் இரவில், கணவன் ஜார்ஜுக்காக அமீலியா செபித்துக்கொண்டிருப்பது முதலில் கூறப்படுகின்றது. பின்னர் ஒரு துணைத்தொடரில் அவன் குப்புறக் கிடக்கும் நிலையும், இறந்துவிட்டான் என்பதும், குண்டு பாய்ந்த இடமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதன்மைத் தொடரில் மனைவியின் நம்பிக்கையும், துணைத்தொடரில் கணவனின் இறப்பும் வைக்கப்பட்டுள்ளன.

தமிழில் பெயரெச்சத்தொடர் பெயருக்கு முன்வருவது. அவ்வமைப்பைப் பின்பற்றினால் இறப்பு முதலிலும் பெயர் அடுத்தும் செபம் இறுதியிலும் அமையும். மனைவி இறந்தவனுக்காகச் செபிக்கிறாள் என்பது அறிவிக்கப்பட்ட செய்தியாகும், அதிர்ச்சியாகாது. எனவே இலக்கண ஒப்புமையைக் கைவிட்டு இரு தொடர்களாகப் பிரித்துச் செய்தியின் வரிசையைக் காப்பதே முறை. இரண்டாம் தொடர் குறுகியதாகவும், உணர்ச்சிச் சொல் அற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

8. இந்தியச் சொற்கள்: தலைகீழாகும் புதுமை

மூன்றாம் இயலில், வங்காளத்திலிருந்து திரும்பிய கலெக்டர் ஜோஸ் செட்லியின் பெற்றோர் வீட்டு விருந்தில் பெக்கி முதன்முதலாகக் கறியை உண்கிறாள். காரத்தால் தவிக்கும் அவளிடம் மிளகாய் ஒன்று நீட்டப்படுகின்றது. மிளகாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்தலின், குளிர்ந்த பொருளென்று எண்ணி அதனையும் வாயிலிட்டு வருந்துகிறாள். நடிப்பில் வல்ல பெக்கி தோற்றுப்போகும் அரிய இடம் இது.

மூல வாசகருக்குக் கறி புதுமை. தமிழ் வாசகருக்கு அச்சொல்லே தம் மொழியினின்று ஆங்கிலம் பெற்றதாகும். ‘மிளகாய்’ எனப் பெயர்த்தவுடன் ஒலி மயக்கம் மறைந்து, மிளகாயை அறியாத பெண்ணின் பேதைமை மட்டும் எஞ்சும். ‘சில்லி’ என ஒலிபெயர்த்தாலோ, ‘சில்’லென்ற குளிர்ச்சியைக் குறிக்கும் தமிழ் ஒலிக்குறிப்பு தானே முன்வந்து நிற்கின்றது. மொழிபெயர்ப்பில் இழந்த சிலேடை பெறுமொழியிலேயே கிடைக்கும் இத்தகைய இடங்கள் மிகச் சில.

43ஆம் இயலில் ஆங்கிலப் படை சென்னை மாகாணத்தில் பண்டில்கஞ்ச் என்னும் கற்பனை ஊரில் தங்கியுள்ளது. ‘கஞ்ச்’ என்பது வட இந்திய ஊர்ப்பெயர் ஈறு. தமிழகத்து ஊர்களோ பேட்டை, பாளையம், பட்டி என முடிவன. ஜோஸ் ஆளும் மாவட்டத்தின் பெயரான பாக்ளி வாலாவும் இத்தகையதே. ‘வாலா’ என்பது ஆளைக் குறிக்கும் ஈறு, ஊரைக் குறிப்பதன்று. இவற்றைத் திருத்தி எழுதும் ஆவல் மொழிபெயர்ப்பாளருக்கு எழலாம். திருத்தலாகாது. இந்தியாவை ஆண்டவர்க்கு இந்தியா ஓசைகளின் குவியலாகவே இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

9. சொல்லாமற் சொல்லுதல்

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு எனத் தொல்காப்பியச் செய்யுளியல் இருவகைப்படுத்தும். வெளிப்படப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துக் கூறுதல் பின்னது. தாக்கரேயின் ஆற்றல் பின்னதிலேயே மிகுதி. அதற்கு நாவலின் இறுதி இயல் சான்று.

பெக்கியோடு வாழ்ந்த ஜோஸ் செட்லி இறந்துவிடுகிறான். அவனுடைய ஆயுள் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி அவளைச் சேர்கின்றது. காப்பீட்டு நிறுவனத்தார் ஐயுறுகின்றனர். அவள் கொலை செய்தாள் என எடுத்துரைஞர் ஓரிடத்தும் கூறவில்லை. ஆனால் அவளுடைய வழக்கறிஞர்களின் பெயர்கள் பர்க், தர்ட்டெல், ஹேய்ஸ். இம்மூன்றும் கொலைக் குற்றத்திற்காக மரணதண்டனை பெற்றோரின் பெயர்கள்: பர்க் 1829இலும், தர்ட்டெல் 1824இலும், கேத்தரின் ஹேய்ஸ் 1726இலும் தண்டிக்கப்பட்டனர். மேலும் அவ்வியலில் தாக்கரே வரைந்த படமொன்றில், திரைக்குப் பின் மறைந்து நிற்கும் பெக்கி, கணவனைக் கொன்ற கிளைத்தெம்னெஸ்திராவின் வேடத்தில் இரண்டாம் முறை தோன்றுவதாகக் குறிக்கப்படுகிறாள். 51ஆம் இயலில் ஸ்டெயின் பிரபுவின் மாளிகையில் அவள் முதன்முறை அவ்வேடம் பூண்டதை வாசகர் நினைவுகூர வேண்டும்.

குற்றச்சாட்டு முழுவதும் பெயரிலும் படத்திலும் உள்ளது, தொடரில் இல்லை. பெயர்களை ஒலிபெயர்த்துப் படத்தை நீக்கி வெளியிடப்படும் மொழிபெயர்ப்பில் பெக்கி குற்றமற்றவளாகிவிடுகிறாள். மாறாக, அவள் கொன்றாள் என்று விளக்கவுரை எழுதும் மொழிபெயர்ப்பாளர் ஆசிரியர் தராத தீர்ப்பைத் தந்தவராகிறார். 53ஆம் இயலில் கணவன் ராடனிடம் பிடிபட்டபோதும் அவள் குற்றவாளியா என்னும் வினா எழுப்பப்பட்டு விடையின்றி விடப்பட்டதை ஒப்புநோக்குக. ஐயத்தை ஐயமாகவே பெயர்த்தல் வேண்டும். படங்களைச் சேர்த்து வெளியிடுதலும், வழக்கறிஞர்களின் பெயர்களைப் பற்றி நூலின் முன்னுரையில் ஒரு குறிப்பு இடுதலும் போதும்.

10. தமிழ் மரபில் உள்ள குரல்கள்

இத்தகைய எடுத்துரைஞருக்குத் தமிழில் குரல் உண்டா என்னும் ஐயம் எழலாம். உண்டு. தெருக்கூத்தின் கட்டியங்காரன் ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே நின்று, அரசனை அறிமுகப்படுத்தியவாறே அவனை எள்ளுகிறான், காண்போரையும் விட்டுவைப்பதில்லை. பொம்மலாட்ட மேலாளராகத் தோன்றும் தாக்கரேயின் எடுத்துரைஞருக்கு அவன் நெருங்கிய உறவினன். உரைநடையில், 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வெளிவந்த ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஊர்வம்பைச் சபை நடவடிக்கைபோல் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் நடையைக் காட்டுகின்றது. பெருமிதச் சொல்லால் சிறுமையைக் கூறும் இந்நடை தாக்கரேயை மொழிபெயர்ப்போர்க்கு உற்ற துணை. இன்றைய செய்தித்தாள் நடையில் பெயர்த்தால் எள்ளல் தங்குவதற்கு இடமிராது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று சில முடிவுகள் பெறப்படுகின்றன. நாவலின் ஈர்ப்பு பெக்கியின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் இல்லை. அதை நோக்கும் வாசகரும் சந்தைக்கு வந்தவரே என ஓயாது உணர்த்தும் குரலில் உள்ளது. அக்குரல் தன்மைப் பன்மை, பெயர், தொடர் வரிசை, கூறாமை ஆகிய மொழிக்கூறுகளால் ஆனது. தமிழின் உளப்பாட்டு வேறுபாடும் மரியாதை வடிவங்களும் பிறர்கூற்று ஒட்டும் மொழிபெயர்ப்பாளரைத் தெரிவு செய்யுமாறு வற்புறுத்துகின்றன. அத்தெரிவுகளே மொழிபெயர்ப்பின் அறமாகின்றன.

நாவலின் முதல் இயலில், பள்ளியை விட்டு நீங்கும் பெக்கி தனக்குப் பரிசளிக்கப்பட்ட ஜான்சனின் அகராதியை வண்டியின் சாளரம் வழியே வீசியெறிகிறாள். பெயரளவில் கொடை, உண்மையில் இரக்கத்தால் இடப்பட்ட பிச்சை என்பதை அவள் அறிவாள். சொற்களின் அகராதிப் பொருளோடு நின்றுவிட்டால் இந்நாவலுக்குள் புகவியலாது என்பதை மொழிபெயர்ப்பாளர்க்கு அறிவிக்கும் முதற்காட்சியாகவும் அதனைக் கொள்ளலாம்.